தங்க அட்டையும் தகர டப்பாவும்

யாருக்கும் விற்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு அச்சடித்த புத்தகம் ஒன்று உண்டு. 1892 என்று வருடம் போட்டு வந்தது. ரஷ்ய மொழியில் 200, பிரெஞ்சில் 200, ஜெர்மனில் 200, ஆக மொத்தம் 600 பிரதிகள். நீங்கள் ஒரு தேசத்துக்கு ராஜாவாக இருந்தால் வீடு தேடி வரும். பெரிய நூலகமாக இருந்தாலும் வரும். சாதாரண வாசகராக இருந்தால்? போய் வேறு வேலையைப் பாருங்கள்.

இப்படி ஓர் ஐடியா யாருக்கு வரும்? அலெக்சாந்தர் ஸ்வெனிகொரத்ஸ்கோய் என்ற ரஷ்யச் சேகரிப்பாளருக்கு வந்தது. அவரிடம் பைசாந்திய, அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின், எனாமல்கள் இருந்தன. தங்கத் தகட்டில் மெல்லிய தங்கப் பட்டையால் கோடு கட்டி, நடுவே வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி, சூட்டில் உருக்கி எடுக்கும் சின்னச் சின்ன அற்புதங்கள். பொருள் கையகலம், அதைப் பற்றிய புத்தகமோ இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம்! வெள்ளைத் தோல் அட்டை, அதில் தங்க அச்சு, மேலே பட்டு உறை, பக்கம் அடையாளம் வைக்கப் பட்டு நாடா. கூடவே ஸ்வெனிகொரத்ஸ்கோயின் படமும். சில கல்யாணப் பத்திரிகைகளில் பெட்டியின் பளபளப்பில் மாப்பிள்ளை பெயரே தொலைந்துபோகுமே, அந்த ரகம். இங்கே தொலைந்துபோன மாப்பிள்ளை, புத்தகத்தை எழுதியவர்!

அவர்தான் நம் ஹீரோ, நிக்கொதீம் பாவ்லொவிச் கொந்தகோவ். 1844இல் கூர்ஸ்க் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா, விடுதலை பெற்ற பண்ணையடிமை. ஒரு பிரபுவின் எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டவர். மகன், சக்கரவர்த்திகளின் மேஜைக்குப் போகும் புத்தகத்தை எழுதினார். அந்த மேஜைகளில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் படித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

காமெடி இத்தோடு நிற்கவில்லை. அந்தப் புத்தகம் எப்படி உருவானது என்பதைப் பற்றி, விமர்சகர் ஸ்தாசவ் 1898இல் இன்னொரு புத்தகம் எழுதினார். ஆமாம் சார், புத்தகத்தைப் பற்றிய புத்தகம். 'மேக்கிங் ஆஃப்' வீடியோவைச் சினிமாக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

கொந்தகோவ் சும்மா ஆள் இல்லை. பைசாந்தியக் கலை என்றாலே ஐரோப்பா கொட்டாவி விட்ட காலத்தில், ஒதேசாவில் உட்கார்ந்து, பழைய சுவடிகளின் குட்டி ஓவியங்களை வைத்தே அதன் வரலாற்றை 1876இல் எழுதிக் காட்டினார். பத்து வருடம் கழித்துப் பிரெஞ்சில் வந்ததும், பாரிஸ் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. ஒதேசாவிலிருந்து ஞானம் வரும் என்று பாரிஸ் எதிர்பார்க்கவில்லை, பாவம்.

அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். எது அசல், எது நகல்? மாதா குழந்தையை ஏந்தும் விதம், துறவியின் கைவிரல் மடியும் விதம், இதை யார் யாரைப் பார்த்து வரைந்தார்கள்? இதற்காக ஜார்ஜியா, சினாய், கான்ஸ்டான்டினோபிள், சிரியா, ஆதோஸ் மலை என்று மடம் மடமாக ஏறி இறங்கினார். 1881இல் சினாய்க்கு ஒரு ஃபோட்டோகிராபரையும் அழைத்துப் போனார். கலைப் பொருள்களின் பரம்பரையைத் துப்பறியும் போலீஸ் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடர்கள் மட்டும் இவரைவிட வேகமாக இருந்தார்கள்.

எப்படி என்கிறீர்களா? அவர் புத்தகத்தால் எனாமலுக்கு மவுசு ஏறியது. மவுசு ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் 'புதிய பழசு' மார்க்கெட்டுக்கு வரும். போத்கின் என்ற இன்னொரு சேகரிப்பாளர் 1911இல் தன் எனாமல்களைக் கம்பீரமாக வெளியிட்டார். அதில் பல போலி என்று பிற்கால ஆய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கொந்தகோவ் புத்தகத்தின் துல்லியமான வண்ணப் படங்களை விடப் போலித் தட்டாருக்கு நல்ல டிசைன் புக் எங்கே கிடைக்கும்?

அசல் என்ன ஆயிற்று? ஜார்ஜியாவின் ஜுமாத்தி மடத்து ஐகானிலிருந்து, அதாவது திருவுருவப் படத்திலிருந்து, கழற்றப்பட்டு ஸ்வெனிகொரத்ஸ்கோயிடம் வந்திருந்த எனாமல் வட்டங்கள், பிறகு அமெரிக்க பாங்கர் ஜே.பி. மார்கன் கைக்குப் போயின. ஒன்பது வட்டங்கள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. மடத்துக்குத் திரும்பிப் போகத்தான் யாரும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை.

போலி முதல் எதிரி என்றால், அடுத்த எதிரி தகரம். மாஸ்கோவில் ழாக்கோ - பொனாக்கர் என்று ஒரு தகரச் சாமான் ஃபேக்டரி, புனிதர்களின் படத்தைத் தகரத்தில் கலர் கலராக அச்சடித்துத் தள்ளியது. விலை மலிவு, பளபளப்பு அதிகம், துணியால் துடைத்தால் போதும். கையால் ஐகான் வரைந்து பிழைத்த பலேக், ம்ஸ்த்யோரா, ஹோலுய் கிராமத்து ஓவியர்கள் வயிற்றில் அடி. கொந்தகோவ் கொதித்துவிட்டார்!

கொதித்தவர் நேராக ஜார் இரண்டாம் நிக்கலாயின் ஆதரவோடு 1901இல் ஒரு கமிட்டியே கொண்டுவந்தார். சக்கரவர்த்தியின் ஆணைப்படி அமைந்த ரஷ்யத் திருவுருவ ஓவியப் பாதுகாப்புக் கமிட்டி. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஃபேக்டரியில் நூறு தகரப் புனிதர்கள் காய்ந்து வெளியே வந்திருப்பார்கள். முடிவு? தகரம் ஜெயித்தது.

இதில் ஒரு குறும்பு உண்டு. அவர் காப்பாற்றப் போன கைவேலை எப்படி நடந்தது தெரியுமா? பலேக்கில் முகம் வரைகிறவர் முகம் மட்டும் வரைவார். உடையும் மலையும் மரமும் வேறொருவர் பாடு. அதாவது அங்கேயும் ஃபேக்டரிதான், மெஷின் மட்டும் கிடையாது. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு சாமி படத்துக்கு வேலை இல்லாமல் போக, 1924இல் பலேக் ஓவியர்கள் சங்கம் அமைத்து, காகிதக் கூழ்ப் பெட்டிகளின்மேல் படம் வரையத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார்கள். டப்பாக்காரனிடம் தோற்றவர்கள், கடைசியில் டப்பாவால்தான் பிழைத்தார்கள்!

மூன்றாவது எதிரி எண்ணெய். ஐகான்மேல் பூசும் ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ், வருடங்கள் போகப் போகக் கறுத்துவிடும். பூசிய நாளில் மாதா நீலமும் சிவப்புமாக இருந்திருப்பார்; பேரன் காலத்தில் அடுப்பங்கரைச் சுவர் நிறத்துக்கு வந்திருப்பார். கொந்தகோவ் தலைமுறை பெரும்பாலும் இந்த இருட்டைப் பார்த்துத்தான் பாடம் நடத்தியது. ரஷ்ய ஐகானின் வேர்களை இத்தாலிய, கிரேக்க ஓவியத்தில் தேடியது. 1911இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பாரிஸிலிருந்து மாஸ்கோவுக்கு வந்தார். கறுப்பு நீக்கிச் சுத்தம் செய்த ஐகான்களின் நிறத்தைப் பார்த்து வியந்துபோனார். 1913 ஐகான் கண்காட்சியில் மாஸ்கோவும் வாயைப் பிளந்தது. "பெரியவர் ஐகானை ஓவியமாகவே பார்க்கவில்லை, ஆவணமாகத்தான் பார்த்தார்" என்று இளவட்டங்கள் கிண்டலடித்தார்கள். நாற்பது வருடம் தவம் கிடந்தவரை விட்டுவிட்டு, டூரிஸ்டுக்கு தரிசனம் கொடுத்தது அந்த நிறம்.

அப்புறம் புரட்சி வந்தது. 1920இல் 75 வயதுக் கொந்தகோவ் ஒதேசாவில் 'ஸ்பார்ட்டா' கப்பல் ஏறினார். அதே கப்பலில் எழுத்தாளர் புனின், பின்னாளில் நோபல் வாங்கியவர். அகதிக் கூட்டத்திலும் என்ன ஒரு பயணிகள் பட்டியல், பாருங்கள்!

சோஃபியாவில் பாடம் நடத்தினார், பிறகு ப்ராகில் நடத்தினார். நாடு போய்விட்டது, சம்பளம் நிச்சயமில்லை. வகுப்பு மட்டும் நின்றதாகத் தெரியவில்லை. 1925இல் இறந்தார். சீடர்கள் ஓர் ஆய்வு வட்டம் வைத்து அதற்குக் 'கொந்தகோவியானும்' என்று லத்தீன் பெயர் சூட்டினார்கள். பண்ணையடிமையின் மகனை லத்தீன் ஆக்கிவிட்டது அகதி வாழ்க்கை.

அவருடைய கடைசிப் பெரிய வேலை, 'ரஷ்ய ஐகான்'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1927இல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது. ரஷ்ய மூலம் 1928இல்தான் ப்ராகில் வரத் தொடங்கி, நான்கு தொகுதிகளாக 1933இல் முடிந்தது. நகல் முன்னே, அசல் பின்னே! எது எதைப் பார்த்து வந்தது என்று ஆயுள் முழுக்கத் துருவியவருக்கு வரலாறு அடித்த இந்த ஜோக்கை, ஆள் உயிரோடு இருந்திருந்தால் ரசித்திருக்க மாட்டார். அடிக்குறிப்பு போட்டுத் திருத்தியிருப்பார்.