மழை நாளுக்கு நாலு காசு

‘மழை நாளுக்கென்று நாலு காசு சேர்த்து வை’ என்பது இங்கிலீஷ்காரர் வாக்கு. மழை நாள் என்றால் கஷ்டகாலம் என்கிறது கைடு. பிள்ளைகளும் அப்படியே உருப்போட்டு மார்க் வாங்கிவிடுகிறார்கள். திருச்சுழிக் கரிசலில் போய் மழையைக் கஷ்டம் என்று சொல்லிப் பாருங்கள், சம்சாரி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அந்த ஊர்க் குண்டாறு ஒரு ஆறு என்பதற்குப் பல மாதங்கள் பாலம்தான் சாட்சி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பொருள் தலைகீழானாலும் புத்திமதி அச்சாகப் பொருந்துகிறது. மழை விழுந்த மறுநாளே உழவுக்கு டிராக்டர் கூலி, பருத்தி விதை, அடியுரம் என்று செலவு வரிசை கட்டி நிற்கும். கையில் காசு இல்லாதவர் ஈரம் காய்வதற்குள் தோட்டையும் மூக்குத்தியையும் எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு ஓட வேண்டும்.

அங்கிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்து நெசவாளிகளைக் கேட்டால், கைடு சொல்வதே சரி என்பார்கள். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவிடும்போது நாலு தூறல் விழுந்தால் போதும், அன்றைய பாடு போச்சு. இங்கிலாந்தில் கம்பளி நெய்தவர்களும் ஈரத் துணியைச் சட்டத்துக் கொக்கிகளில் இழுத்து மாட்டித்தான் காயவைத்தார்கள். ‘கொக்கியில் மாட்டியதுபோல்’ என்று அவர்கள் பதற்றத்தைச் சொன்னதை விளக்க இங்கே வாத்தியார் தேவையில்லை. ஆக, மரபுத்தொடரைப் புரியவைப்பது இலக்கணம் அல்ல, பிழைப்பு.

அந்நிய மொழி என்பதால்தானே இந்தச் சிக்கல், நம் பழமொழி நமக்கு விளங்காதா என்று கேட்கலாம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ சுத்தத் தமிழ்தான். அதை நம்பி இந்த மானாவாரிக் கரிசலில் ஆடியில் விதைத்தால் எறும்புக்குத்தான் விருந்து. இங்கே பட்டம் புரட்டாசி. சரி, ‘இடியைத் திருடுவது’ என்று நாடகக் கொட்டகையில் பிறந்த இங்கிலீஷ் தொடருக்குப் பிழைப்பு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். 1709இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஜான் டென்னிஸ் தம் நாடகத்துக்காக இடியோசைக்குப் புது உத்தி செய்தார். நாடகம் படுத்துவிட்டது. பிறகு அதே இடி ‘மேக்பெத்’தில் முழங்கக் கேட்டு, என் இடியைத் திருடிவிட்டார்களே என்று கத்தினாராம். அதுவும் வயிற்றெரிச்சல்தான், ஆகையால் பிழைப்புக் கணக்கில்தான் வரும். ஆனால் திருச்சுழிச் சம்சாரிக்கு அந்த வழக்கே புரியாது. இடியை எவன் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும். அது இங்கே வெறுமனே உருட்டிவிட்டு, மழையைப் பக்கத்து ஊரில் போய்த்தானே இறக்குகிறது!