சிலைக்கு வியர்க்கும் இடம்

கேள்வி: நூலகத்தில் வாழ்க்கை வரலாறு படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? படக்கதையும் அந்த வகையில் சேருமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உள்ளூரிலேயே தொடங்குங்கள். பூதப்பாண்டியில் பிறந்து 1963இல் மறைந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவை, நாகர்கோவில் சுந்தர ராமசாமியின் ‘நினைவோடை’ வழியே படியுங்கள். கூடப் பழகியவர் எழுதினால்தான் சிலைக்கும் வியர்க்கும். நினைவு பிசகாதா என்பீர்கள். பிசகும், அந்தப் பிசகை மறைக்காத நூலைத்தான் நான் நம்புவேன். அப்படிப் பார்த்தால் படக்கதையும் சேரும். ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தந்தையின் கதையைச் சொல்லும் ‘மௌஸ்’ படக்கதையில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் வாத்தியக்குழு இருந்ததாக மகன் படித்திருக்கிறார். அங்கே இருந்த தந்தையோ இல்லவே இல்லை என்கிறார். மகன் முதலில் குழுவை வரைகிறார். பிறகு, அணிவகுக்கும் கைதிகளுக்குப் பின்னால் வாத்தியங்களின் நுனி மட்டும் தெரிய வரைகிறார். ஆவணம், நினைவு இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் இடம்! 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற இந்த நூல் சிறுவர் அலமாரியில் இருந்தால், வரலாற்றுப் பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.