அலிக்கு அடுத்த கச்சேரி

கேள்வி: குத்துச்சண்டை சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?

பதில்: பெரிய வித்வான் பாடி இறங்கிய மேடையில் அடுத்து உட்கார்ந்தவர் அவர். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ஜனம் கேன்டீனுக்குக் கிளம்பிவிடும்.

1978-இல் கென் நார்ட்டனுடன் 15 சுற்றும் மல்லுக்கட்டிப் பட்டம் வாங்கினார். ஏழு வருஷம் விடவில்லை. வினை 1980-இல் வந்தது. ஒருகாலத்தில் சம்பளத்துக்கு யாரிடம் பயிற்சி அடி வாங்கினாரோ, அதே முகமது அலி 38 வயதில் எதிரே வந்து நின்றார். அடிக்கவும் மனசில்லை, விடவும் வழியில்லை. பத்தாவது சுற்றோடு அலியின் பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்தினார். வென்றவர் அழுதார். ஊர் சொன்னது: ‘பாவி, அலியை இப்படியா அடிப்பான்?’ தோற்றிருந்தால், ‘ஓய்வு பெற்றவரிடம் உதை வாங்கினான்’ என்றிருப்பார்கள்.

48 சண்டை, 48 வெற்றி. முன்னாள் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றியைத் தொட ஒன்றுதான் பாக்கி. 1985-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். அந்தக் கடுப்பில் மார்சியானோவை மட்டமாகப் பேசி, மிச்சமிருந்த அனுதாபத்தையும் கெடுத்துக்கொண்டார். கைக்கு கிளவுஸ் போட்டவர் வாய்க்கும் ஒன்று வாங்கியிருக்கலாம்!

அவர் வளர்ந்த ஈஸ்டனில் சாலைக்கு அவர் பெயர்; 2015-இல் சிலையும் வைத்தார்கள். நல்லவேளை, அலிக்கு அது சொந்த ஊர் இல்லை.