சனிக்கிழமைத் தொண்டர்

நீலகிரியின் மசினகுடிக்கு யானை சொல்லாமல் வரும். சனிக்கிழமைத் தொண்டர் சொல்லிவிட்டு, வழியெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டு வருவார். பெங்களூரில் நடுநிசிக்கே கிளம்பிவிடுவார். பந்திப்பூர் ரோடு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அவருடைய தியாகம் அங்கே, காருக்குள்ளேயே தொடங்கிவிடும்.

வண்டியிலிருந்து முதலில் இறங்குவது பேனர். அப்புறம் பனியன். மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில்.

பொக்காபுரம் பக்கத்து இருளர், குறும்பர் பிள்ளைகள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சொல்லாமலே போட்டோவுக்கு உயர வரிசையில் நின்றுவிடுவார்கள். கிரேயான் பெட்டி கைக்கு வருமுன்பே "தேங்க்யூ அண்ணா" முடிந்திருக்கும். போன தடவை வந்த ஜாமெட்ரி பாக்ஸில் இப்போது பாட்டியின் வெற்றிலை இருக்கிறது.

தொண்டர் வனவிலங்கு வகுப்பும் எடுப்பார். "யானையைப் பாத்தா என்ன செய்யணும்?"

"அண்ணா, உங்க கார் நிக்குதுல்ல, நேத்து ராத்திரி அங்கதான் நின்னுச்சு."

வகுப்பு முடிந்தது. காரை நகர்த்தப் போய்விட்டார்.

பிறகு மருத்துவ முகாம். பாட்டி கேட்குமுன்பே கையை நீட்டுவாள்: "போன வாரமும் அமுக்கிப் பாத்தாங்க சாமி. பரவால்ல, நீயும் பாரு." ஓரமாகச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பையனிடம் தொண்டர் குனிந்து, "முருங்கைக்கீரை சாப்பிடுப்பா, ரத்தம் ஊறும்" என்பார். அவனுக்கு இருப்பது கீரைக் குறை அல்ல. அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்த சிக்கிள் செல் நோய். நீலகிரிப் பழங்குடிகளிடம் அந்தக் கூறு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். சிவப்பணு அரிவாளாய் வளைந்து ரத்தக்குழாயை அடைத்தால் பிள்ளை வலியில் துடித்துப்போகும். கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஸ்வினி என்ற மருத்துவத் தொண்டு அமைப்பு, பழங்குடிப் பெண்களையே நர்ஸாகப் பழக்கி, இத்தகைய பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறது. அங்கே பேனர் பிடிக்க யாருக்கும் கை ஒழிவதில்லை போலும்.

சாயங்காலம், ஒன்பது மணிக்கு ரோடு அடைப்பதற்குள் திரும்ப வேண்டுமே என்ற பதற்றத்திலும் தொண்டர் பையனின் அம்மாவிடம் உருக்கமாகக் கேட்டார்: "உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் தயங்காம சொல்லுங்கம்மா."

"புதன்கிழமை இவனைக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். ஒரு வண்டி இருந்தா..."

"புதன்கிழமையா? ஆபீஸ் இருக்கேம்மா" என்றவர், பையனின் தோளில் கைபோட்டுக் கேமராவைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் சிரி!"