கப்பலில் வந்துகொண்டிருக்கும் கார்

மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழர்களிடையே ஒரு வகை மனிதர் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சுத்திகரிப்பு ஆலையிலோ அணுசக்தி மையத்திலோ வங்கியிலோ காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பி.எஃப். பணத்தைப் பத்திரமான இடத்தில் போட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். மகன் இங்கிலாந்தில் இருப்பான். ஊர் கோவென்ட்ரி என்றால் இன்னும் விசேஷம், பழைய ட்ரையம்ஃப் கார்கள் பிறந்த ஊர் அல்லவா? மகன் மூலமாக இவர் ஒரு பழைய காரைத் தருவித்துக்கொண்டிருக்கிறார். வருஷக்கணக்காகத் தருவித்துக்கொண்டிருக்கிறார். கிங்ஸ் சர்க்கிளில் காலை நடை போகிறவர்கள் இவரைப் பார்த்தால் சௌக்கியம் விசாரிப்பதில்லை, "மாமா, வண்டி எங்க வந்திருக்கு?" என்றுதான் கேட்பார்கள். மாமாவும் சளைக்காமல், "செங்கடல்ல சண்டையோன்னோ, ஆப்பிரிக்காவைச் சுத்திண்டு வரான்" என்பார். 2023 கடைசியில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பல கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின என்பது உண்மைதான். அந்தச் செய்தியால் உள்ளூர மகிழ்ந்தவர் உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். இவர் நேசிப்பது காரை என்று ஊர் நம்புகிறது. இவர் நேசிப்பது அந்தக் கார் வந்து சேராமல் இருப்பதை என்பது என் கட்சி. அவதூறு என்று தோன்றினால் சான்றுகளைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் சான்று சட்டம். மாமாவுக்குக் கார்புரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது சந்தேகமாக இருக்கலாம். இறக்குமதிக் கொள்கையில் சந்தேகமே கிடையாது. பயன்படுத்திய காரைக் கொண்டுவருவதென்றால் அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். (இந்த இனம் சென்னையை விட மும்பையில் செழித்திருப்பதற்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் காரணமோ என்று எனக்கு ஒரு ஊகம்.) பழம்பெருமைக்காகக் கொண்டுவரும் கார் என்றால் அது 1950 ஜனவரி 1க்கு முன்னால் தயாராகியிருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. இரண்டுக்கும் நடுவில் பிறந்த கார்கள் திரிசங்கு சொர்க்கத்தில் நின்றன. 1956ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்று எழுபது வயதை நெருங்கியும், பயன்படுத்திய கார் என்று சொல்லக் கிழடு, விண்டேஜ் கார் என்று சொல்லக் குழந்தை. இதற்கிடையில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் ஐம்பது வயது ஆனாலே விண்டேஜ்தான் என்று பதிவு விதியைத் திருத்தியது. ஆக, மூன்றரை வருஷம் அதே காரை ஒரு அமைச்சகம் தாத்தா என்று கும்பிட்டது; இன்னொன்று உனக்கு வயது போதாது என்று துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தியது. இந்த முரண்பாட்டை மாமா விளக்கிக் கேட்க வேண்டும். சொல்லும்போது அவர் முகத்தில் எரிச்சலைத் தேடினாலும் கிடைக்காது. சண்முகானந்தா அரங்கில் தனி ஆவர்த்தனத்துக்கு வாய்ப்புக் கிடைத்த மிருதங்க வித்வானின் களைதான் இருக்கும்.

என் கட்சிக்கு இதை விடப் பலமான ஆதாரம் 2025இல் கிடைத்தது. வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் 1950 என்ற வரம்பை எடுத்துவிட்டு, ஐம்பது வயதான எந்தக் காரும் வரலாம், வருஷம் நகர நகர வரம்பும் நகரும் என்று அறிவித்தது. நியாயமாகப் பார்த்தால் மாமா அன்று கட்டடம் முழுக்க மைசூர்பாகு கொடுத்திருக்க வேண்டும். இந்த இனத்தார் என்ன செய்தார்கள்? இரண்டு நாள் உற்சாகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மோரிஸ் மைனரில் குறை தெரிய ஆரம்பித்தது: எஞ்சின் சின்னது, மேம்பாலத்தில் மூச்சு வாங்கும், மாமிக்கு ஏறி இறங்கச் சிரமம். நாலாம் நாள் மனம் 1977 மாடல் மெர்சிடிஸ் 123க்குப் போய்விட்டது. அதற்கு ஐம்பது வயது நிறைவது 2027இல். அதுவரை கவலைப்பட விஷயம் இருக்கிறது என்ற நிம்மதி வந்துவிட்டது.

அடுத்தது சுங்கம். பயன்படுத்திய காருக்கு அடிப்படைச் சுங்கவரியே நெடுங்காலம் 125 சதவீதம். அதன் மேல் ஒரு கூடுதல் தீர்வை, எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. அங்கே நூறு ரூபாய்க்கு வாங்கியது இங்கே கரையேறும்போது முன்னூறு ரூபாயைத் தாண்டிவிடும். அதுவும் வாங்கிய விலையைச் சுங்க அதிகாரி ஒப்புக்கொண்டால். பழைய காருக்கு விலை என்ன என்பது கடவுளுக்கும் ஏலக்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். மகன் ஒரு கிழவியின் கொட்டகையிலிருந்து சல்லிசாக வாங்கினேன் என்று ரசீது அனுப்பினால், பாலார்ட் எஸ்டேட் நியூ கஸ்டம் ஹவுஸில் அது சிரிப்பைத்தான் வரவழைக்கும். மதிப்பீடு முடியும்வரை கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும். இலவச நாட்கள் முடிந்ததும் டெமரேஜ் மீட்டர் ஓடத் தொடங்கும். பம்பாயில் சூடு வைத்த டாக்சி மீட்டர்கூட அந்த வேகத்தில் ஓடியதில்லை. க்ளியரிங் ஏஜென்ட் நாளைக்கு ஒரு பேப்பர் கேட்பார். மாமா இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பெருமூச்சோடு முடிப்பார்: "சச்சினுக்கே டூட்டி கேட்டவன்டா, என்னை விடுவானா?"

அந்த வாக்கியத்தில்தான் மனிதரின் உள்ளம் இருக்கிறது. பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக ஃபியட் கம்பெனி டெண்டுல்கருக்கு ஃபெராரி 360 மோடெனா ஒன்றைப் பரிசளித்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வந்த வரியை அரசு தள்ளுபடி செய்தது. நாடே கூச்சலிட்டு விஷயம் நீதிமன்றம் வரை போக, கடைசியில் ஃபியட்டே வரியைக் கட்டியது. நடிகர் விஜய் 2012இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ரோல்ஸ் ராய்ஸுக்கு நுழைவு வரி கேட்கப்பட்டதை எதிர்த்துப் போட்ட மனு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கடுமையான வார்த்தைகளும் வந்தன. பிறகு அபராதத்துக்குத் தடை கிடைத்தது, 2022இல் அந்த வார்த்தைகளும் நீக்கப்பட்டன. மாமாவுக்கு இந்த இரண்டு வழக்குகளும் தேதி வாரியாகத் தெரியும். சதம் அடிக்காமல், படத்தில் நடிக்காமல் அந்த வரிசையில் போய் நிற்க மத்தியதர வர்க்கத்து மனிதருக்கு இருக்கும் ஒரே வழி, சுங்கத்தில் ஒரு கார் சிக்கிக்கொள்வது. காரை வைத்திருப்பவனை அக்கம்பக்கம் ஒரு வாரம் பார்க்கும். காரில் பிரச்சினை வைத்திருப்பவனை ஆயுள் முழுக்க விசாரிக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம்தான். விதிகள் முட்டாள்தனமாக இருக்கும்போது விதிகளை விட்டுவிட்டு அதில் மாட்டிய அப்பாவியைக் கேலி செய்யலாமா? விதிகளில் முட்டாள்தனம் உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் 25 வயதான காருக்குப் பாதுகாப்பு, புகை விதிகளிலிருந்து விலக்கு உண்டு. பிரிட்டனில் முப்பது வயது தாண்டி வரலாற்று மதிப்புப் பெற்ற காருக்கு ஐந்து சதவீத வாட் வரியோடு காரியம் முடிந்துவிடும். நம்மவர்கள் கெடுபிடி செய்வதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. தூதரக அதிகாரிகளின் பெயரில் சொகுசுக் கார்களை வரியில்லாமல் இறக்கிய கும்பலை 2021இல் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் பிடித்தது. பூடான் வழியாகப் பழைய கார்கள் கடத்தி வரப்பட்டதாக 2025இல் கேரளாவில் பல இடங்களில் சுங்கத் துறை சோதனை போட்டது. கடத்துகிறவன் மோரிஸ் மைனரைக் கடத்தமாட்டான் என்று நாம் பதில் சொல்லலாம். நான் சொல்லத் தயார். ஆனால் மாமா சொல்லமாட்டார். விதியைத் திருத்தக் கோரி ஒரு மனு, ஆசிரியருக்கு ஒரு கடிதம், எதுவும் அவரிடமிருந்து போனதில்லை. துபாயிலிருக்கும் மைத்துனர், "இங்க நல்ல செவர்லே ஒண்ணு இருக்கு, இடப்பக்க ஸ்டியரிங்" என்று சொன்னால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, சிக்னல் காட்டும் சாதனம் இல்லாமல் அதை ஓட்ட முடியாது என்று அவரே முதல் ஆளாகத் தடை போடுவார். அரசு மறந்துபோன தடைகளைக்கூட நினைவில் வைத்திருக்கும் மனிதரை அரசுக்குப் பலியானவர் என்று எப்படிச் சொல்வது?

சரி, எல்லாத் தெய்வங்களும் சேர்ந்து கைகொடுத்து, கார் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். மாநில எழுத்துகளுக்குப் பின்னால் 'வி.ஏ.' என்று போட்ட விண்டேஜ் நம்பர் பிளேட் கிடைக்கும். அந்த பிளேட்டோடு கண்காட்சிக்குப் போகலாம், விண்டேஜ் பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். தினசரி உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனால் விதிமீறல். பெட்ரோல் போடப் போகலாம் என்பதில் இன்னொரு வேடிக்கை: செம்பூரை ஒட்டி மாகுலில் சுத்திகரிப்பு ஆலை இருந்தும், பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர்க் குழாய்க்கு அது ஆகுமா என்று மாமா கவலைப்படுவார். நிறுத்த இடம்? மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் ஊரில் கார்கள் அபூர்வமாக இருந்த காலத்தில் எழுந்தவை. சொஸைட்டி செகரட்டரியிடம் இன்னொரு பார்க்கிங் கேட்பதற்குச் சுங்கத் துறையே தேவலை. ஸீட் உறைக்குத் தாராவித் தோல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். உண்மையில் அங்கே மாமா முன்கூட்டியே போயிருப்பார். "அண்ணாச்சி, ஐம்பத்தாறு மாடல், ஒரிஜினல் மாதிரியே மெரூன் கலர் வேணும்." திருநெல்வேலி அண்ணாச்சி அளவு நாடாவை எடுப்பார். "வண்டி எங்க நிக்கு, சார்?" "கப்பல்ல." அண்ணாச்சி நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்.

கடைசி ஆட்சேபம் பாரம்பரியம். பழைய காரைக் காப்பாற்றுவது ஒரு கலாசாரத் தொண்டு, அதைக் கொச்சைப்படுத்தாதே என்பார்கள். தொண்டு செய்கிறவர்களை எனக்குத் தெரியாமல் இல்லை. கோயம்புத்தூரில் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோரிஸ் மைனரையும் ஆஸ்டின் ஏ40யையும் ஓட்டினார்கள். கல்யாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். ஒரு பழைய காருக்கு அதை விடப் பெரிய மரியாதையை எந்தப் பேரணியும் செய்ததில்லை. நம் மாமாவின் பாரம்பரியப் பற்று இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவர் ஏங்கும் மோரிஸ் மைனரே இந்தியாவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியது. மகன் கோவென்ட்ரியில் தேடும் ட்ரையம்ஃப் ஹெரால்டை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று சென்னையில் தயாரித்து விற்றார்கள். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் வந்துவிடும் குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964இல் ஃபியட் 1100 டிலைட்டைத் தொடங்கி, பின்னால் பத்மினி என்று பெயர் மாற்றி, நூற்றாண்டு முடியும்வரை தயாரித்தது. மும்பையைத் தோளில் சுமந்த அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சி 2023 அக்டோபரோடு தெருவை விட்டுப் போனபோது, பம்பாயில் பிறக்காதவர்கள்கூட வருத்தப்பட்டார்கள். மாமா அன்று கப்பல் எண்ணைப் போட்டு அது எந்தக் கடலில் இருக்கிறது என்று ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

குர்லாவில் பிறந்த ஃபியட்களில் ஐம்பது வயது தாண்டியவை இப்போது சட்டப்படி விண்டேஜ் ஆகத் தகுதி பெற்றவை, சேஸியையும் எஞ்சினையும் மாற்றாமல் வைத்திருந்தால் போதும். உதிரி பாகங்களைக் குர்லா சி.எஸ்.டி. சாலையிலும் சோர் பஜாரிலும் தேடலாம். பழுது பார்க்கத் தெரிந்த மேஸ்திரிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். புதிதாக விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சுங்கவரி கிடையாது.