பிளஸ் ஸ்குரு போட்ட பதினஞ்சாம் லூயி

வா மாப்ள, உக்காரு. மேசை மேல கையை ஊனாதே. ஒன்றரை லட்சம்னு கடைத்தெருவே பேசுது. பதினஞ்சாம் லூயி காலத்து பிரெஞ்சு மேசையாமே? வித்தவன் சொல்லட்டும். சொல்றதுக்கு என்ன, வரியா வட்டியா?

ஆனா ஒண்ணு. நம்ம தரங்கம்பாடி டேனிஷ்காரன் ஊரு. 1620ல ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கிக் கோட்டை கட்டுனான், 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுக் கெளம்பிட்டான். பிரெஞ்சுக்காரன் இருந்தது நண்டலாத்துக்கு அந்தண்ட, காரைக்கால்ல. அங்கேருந்து நம்மாளுங்க மறைச்சுக் கொண்டார சரக்கு என்னன்னு உனக்கே தெரியும். மேசைய இடுப்புல சொருகிக்கிட்டு செக்போஸ்டு தாண்ட முடியாது.

பிரான்சுல நயமா இழைக்கிற ஆசாரிக்கு 'எபெனிஸ்த்'னு பேரு. கருங்காலிக்காரன்னு அர்த்தம். இங்கே கருங்காலின்னா தன் இனத்தையே வெட்டுற கோடாலிக்குக் காம்பாப் போனவன். அங்கே அது பட்டம்! நீயும் அந்தக் கருங்காலி மாலையத்தான் கழுத்துல போட்டிருக்கே. பணம் வரும்னு சொன்னாங்க; போயிருக்கு.

சரி, மேசையக் கவுத்துப் போடு. பழைய சாமானுக்கு முகம் பாக்கக் கூடாது, அடிவயிறு பாக்கணும். பாரீசுல 1751லேருந்து சங்கத்து ஆசாரி தன் பேரை முத்திரையா குத்தணும்னு சட்டம் இருந்துச்சு. வெளியில தெரியாம அடியிலதான் குத்துவான். உன் மேசையில பேரக் காணோம், ஸ்குருதான் இருக்கு. அதுவும் பிளஸ் ஸ்குரு! அது கடைக்கு வந்ததே 1930களில். லூயி செத்தது 1774ல. ஆவியா வந்து முடுக்குனாரா?

அசல் கதையக் கேளு. அந்த லூயிக்கு 1760ல ஏபென்னு ஒரு ஆசாரி மேசை செய்ய ஆரம்பிச்சான். சாவியத் திருப்புனா மூடி, இழுப்பறை எல்லாம் ஒண்ணாப் பூட்டிக்கும். மூணு வருசத்துல ஆள் போய்ச் சேந்துட்டான். பட்டறையில வேல பாத்த ரீஸ்னெர் 1767ல முதலாளியம்மாவைக் கட்டிக்கிட்டு, 1769ல மேசையையும் முடிச்சான். கெட்டிக்காரன்! புரட்சி வந்து அரமனைச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தப்போ, தான் செஞ்சதையே திரும்ப ஏலம் எடுத்தான், லாபத்துக்கு விக்கலாம்னு. வாங்க ஆளில்ல. 1806ல கையில காசில்லாமச் செத்தான். செஞ்சவனுக்கே விலை போகாதது, வாங்குன உனக்குப் போகுமா?

நம்ம கொட்டாயில உங்க தாத்தா நெல்லுக் கணக்கு எழுதுன சாய்வு மேசை கெடக்கு. அசல் தேக்கு. பொறையாரு ஆசாரி ஒரு ஆணி அடிக்காம பல்லுக்குப் பல்லு கோத்தது. மைக்கூட்டுக்குக் குழிகூட உண்டு. இப்ப அதுல கோழி அடை கெடக்கு. குஞ்சு பொரிச்சு இறங்கட்டும், தொடச்சு எடுத்துட்டுப் போ.

லூயி மேசையையும் தூக்கிப் போட்டுடாதே. காபி டம்ளர் வெச்சுக்கலாம். ஸ்குருவ மட்டும் மாசத்துக்கு ஒருதரம் முடுக்கிக்க.