ஆயுளும் நூற்றாண்டும்

கே: சிங்கப்பூரில் கார்மேல் பெயின்ட் அடித்த அமெரிக்கப் பையனுக்கே 1994-ல் பிரம்படி விழுந்தது. இங்கே கொலை செய்தவனே ஜம்மென்று நடமாடுகிறான். சட்டத்தைக் கடுமையாக்கினால்தான் என்ன?
– ஒரு வாசகர், திருமங்கலம்

ப: சட்டத்தில் காரம் குறைவில்லை சார், பரிமாறுகிற கைதான் ஆளைப் பார்க்கிறது. மேலூர் பக்கத்து மேலவளவில், தனித்தொகுதியில் நின்று ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அண்ணா பிறந்தநாளை ஒட்டி 2008-ல் 3 பேர், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று 2019-ல் 13 பேர் விடுதலை. சிறையில் நாளை எண்ண வேண்டாம். அடுத்து எந்தத் தலைவருக்கு நூறு என்று பார்த்தால் போதும்!

2007-ல் மதுரை தினகரன் நாளிதழ் அலுவலகத்தில் தீ வைத்ததில் 3 ஊழியர்கள் இறந்த வழக்கில், 2009-ல் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலை. 2019-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை அதே வழக்கில் 9 பேருக்கு ஆயுள் விதித்தது. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லையே!

அது கிடக்கட்டும். ஹெல்மெட் இல்லாமல் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏட்டய்யா மறித்தால், நீங்கள் முதலில் எடுப்பது அபராதப் பணமா, வட்டச் செயலாளர் நம்பரா?